ஆறு நிமிடச் சட்டமும் காவாக் கோப்பைகளும்

1. நான் அனுப்பிய ரிப்போர்ட்

"கசப்பு அதிகம். வாசனை இல்லை. சந்தைக்கு ஏற்றதல்ல."

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இந்த மூன்று வரியையும் எழுதி டைரக்டருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டேன். மனச்சாட்சி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கொழும்பில், கிராண்ட்பாஸில் உள்ள ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் முப்பத்திரண்டு வருடம் ருசி பார்த்தவள் நான். கடைசிப் பதினொரு வருடமும் டேஸ்டிங் ரூம் என் பொறுப்பில் இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் சரியாகச் சொன்ன தேயிலைகளைப் பற்றி எழுதினால் சுயபுராணமாகிவிடும். அதனால் பிழைவிட்ட கதையை எழுதுகிறேன். கதை நல்லபடியாக முடிந்ததால்தான் இந்தத் துணிவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டேஸ்டிங் ரூமைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். நீள மேசையில் மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் பாட்டுகள், அதாவது பிடிவைத்த சின்னத் தேநீர்ப் பாத்திரங்கள், வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓரிடத்தில் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம். பாட்டுக்குள் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தேயிலை, மேலே கொதிநீர், ஆறு நிமிடம். டைமர் அடித்ததும் பாட்டை மூடியோடு சரித்துக் கிண்ணத்தில் கிடத்துவோம். சாறு பல்லிடுக்கால் இறங்கும், இலை உள்ளே நிற்கும். கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவோம்.

எல்லாத் தேயிலைக்கும் ஒரே எடை, ஒரே பாத்திரம், ஒரே நேரம். அப்படி இருந்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம். என் ரூமில் இதற்கு விதிவிலக்குக் கிடையாது. டைரக்டரின் மாமனாருடைய தோட்டத்திலிருந்து வந்தாலும் அதே ஆறு நிமிடம்தான்.

அன்று வந்தது ஊலோங். பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் நடுவழியில் நிறுத்தி, குண்டுமணி அளவுக்கு உருட்டிக் காயவைத்த தேயிலை. மலையில் கம்பனிக்குச் சொந்தமான ஒரு சின்னத் தொழிற்சாலை இருந்தது. அதன் பொறுப்பாளர் மோகன்ராஜ், ஆறு பெண்களை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக இதைச் செய்து பழகிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பத்து நாள் நின்று செய்முறையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு எல்லாம் மோகன்ராஜின் மூக்கும் கையும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை தாய்வானிலிருந்து லின் என்ற பெண்மணி வருவதாக இருந்தது. அங்கே அவருக்குப் பல தேயிலைக் கடைகள். நான் சரி என்றால் மோகன்ராஜின் ஊலோங் அவருக்கு முன்னால் வைக்கப்படும். நான் சரியில்லை என்றால் அந்தப் பிரிவையே மூடுவார்கள். ஆறு பெண்களும் திரும்பவும் கொழுந்து பறிக்க மலையேற வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஆளுக்காகத் தேயிலையை நல்லதென்று எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்று அப்போது பெருமையும் பட்டேன்.

2. கழுவ ஊற்றிய தண்ணீர்

எங்கள் ரூமில் தண்ணீர் ஊற்றுவதும் பாட்டுக் கழுவுவதும் சுனிலின் வேலை. என் வயதுக்காரர். சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். அன்று நான் பிஸ்கட்டை முடித்துவிட்டு வந்தபோது அவர் ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஊலோங் இலை ஊறி விரிந்து பாட்டை நிறைத்து மூடியையும் கிளப்பியிருந்தது. தட்டியும் விழவில்லை. இலகுவாக்குவதற்காகக் கெட்டிலிலிருந்து சுடுநீரை ஊற்றி, உடனேயே ஒரு கிண்ணத்தில் வடித்திருக்கிறார். அதைக் கீழே ஊற்றிவிடப் போன மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"மிஸ், மேக்க பொட்டக் பலன்ன. வாசம் வேற மாதிரி."

இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றார். கழுவின தண்ணீரை முகர்ந்து பார்க்கச் சொல்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் வாங்கினேன். முதலில் ஒரு பூவின் வாசம். குடித்தபோது, பக்கத்து வீட்டில் பால் காயும்போது வரும் வாசம் போல ஒன்று தொண்டைக்குள் நின்றது. கசப்பு மருந்துக்கும் இல்லை. இருபது விநாடிகூட ஊறாத தண்ணீர் அது.

கெட்ட தேயிலை இரண்டாவது தண்ணீரில் திருந்தி வராது. அப்படியென்றால் முதல் தண்ணீரில் நான் ஏதோ செய்துவிட்டேன். இறுக உருட்டிய அந்த மணிகள் மெல்ல மெல்ல, பலமுறை ஊற்ற ஊற்ற விரிய வேண்டியவை. நான் ஆறு நிமிடம் போட்டு அவித்து, கசக்கிறது என்று அதன்மேல் பழியையும் போட்டிருக்கிறேன்.

கீரையை அரை மணி நேரம் அவியவிட்டுச் சமைத்தவளைப் பேசாமல் கீரையைப் பேசின மாதிரி இருந்தது என் ரிப்போர்ட்.

3. எந்தக் கௌரி

அந்த நேரம் பார்த்து மோகன்ராஜ் எனக்குப் போன் எடுத்தார்.

"மேடம், சேம்பிள் கெடச்சிச்சிங்களா? எப்படிங்க இருந்திச்சி?"

இன்னும் முடிவாகவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பச்சைப் பொய். சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்குக் கதிரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மேல்மாடிக்குப் போனேன். எங்கள் டைரக்டர் ரவீந்திரன் நல்ல மனிதர், ஆனால் ஒருமுறை முடிவெடுத்த விஷயத்தைத் திரும்பத் தொடுவதென்றால் அவருக்குப் பல் பிடுங்குவது போல. நான் பிழையாக ருசி பார்த்துவிட்டேன், அந்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கௌரி, இத்தனை வருஷத்தில நீங்கள் ஒரு ரிப்போர்ட்டையும் மாத்தினதில்லை. பத்தரைக்கு ஒண்டு சொல்லுறியள், பன்னிரண்டுக்கு வேறொண்டு சொல்லுறியள். நான் எந்தக் கௌரியை நம்புறது?"

"பன்னிரண்டுக்கு வந்தவளை நம்புங்கோ சேர். அவள் ரெண்டு தரம் குடிச்சவள்."

அவர் சிரிக்கவில்லை. மோகன்ராஜின் பிரிவை மூடச் சொல்லும் கடிதம் தட்டச்சாகி மேசையில் கிடந்ததை நானும் பார்த்தேன். அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"வெள்ளிக்கிழமை மேசையில வையுங்கோ. அந்த மனுசி ரெண்டாம் கோப்பை கேட்காட்டி இந்தக் கடிதம் போகும். பிறகு என்னட்ட வராதேங்கோ."

படியிறங்கினேன். தேயிலை நல்லதென்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை எதில் போட்டு எதில் கொடுப்பது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முப்பத்திரண்டு வருடமாக நான் குடித்தது எல்லாம் துப்புவதற்காகக் குடித்தது.

4. மூன்று நாள் கடைகடையாக

செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்த பெரிய டீபாட்டைக் கொண்டுபோனேன். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ தந்தது. ஆறு கோப்பைக்கு ஊற்றலாம். அங்கேதான் பிசகு. முதல் கோப்பைக்கு ஊற்றும்போது நன்றாக இருந்தது, ஆறாவதற்கு வரும்போது உள்ளே இலை ஊறிக் கசந்துவிட்டது. ஒரே பாட்டிலிருந்து ஒருவர் தேனும் ஒருவர் வேப்பெண்ணெயும் குடித்த கதை. ஊலோங்குக்குப் பாத்திரம் சின்னதாக இருக்க வேண்டும், ஒரே சரிப்பில் கடைசிச் சொட்டுவரை வடிய வேண்டும் என்பதை அதில் கற்றுக்கொண்டேன்.

புதன்கிழமை வெள்ளவத்தையில் ஒரு பரிசுப்பொருள் கடையில் செம்மண் நிறத்தில் சின்னக் களிமண் பாட் ஒன்றைக் கண்டேன். கைக்குள் அடங்கும் அளவு, பார்க்க அவ்வளவு வடிவு. வாங்கிவந்து சுடுநீர் ஊற்றினேன். உள்ளே பூசியிருந்த வார்னிஷ் மணம் எழும்பி வீடு முழுக்கப் பரவியது. அலுமாரியில் வைத்து அழகு பார்க்கச் செய்த பாட் அது. இப்போதும் அலுமாரியில்தான் இருக்கிறது.

கண்ணாடிப் பாட் ஒன்றும் பார்த்தேன். இலை விரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது உண்மை, ஆனால் எங்கள் ரூம் ஏசியில் அது பொசுக்கென்று ஆறிவிட்டது. ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கெஞ்சிக் கேட்டு மூடிபோட்ட பிடியில்லாக் கிண்ணம் ஒன்று இரவல் வாங்கினேன். அவர்கள் ஊரில் இதில்தான் போடுவார்களாம். மூடியைச் சற்று விலக்கிப் பிடித்து, விரல் நுனியால் தூக்கி ஊற்ற வேண்டும். இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாம் தரம் மூடி வழுகி மேசையெல்லாம் தேயிலை.

சுனில் மேசையைத் துடைத்துக்கொண்டே, எங்கள் பாட்டிலேயே போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் அந்த வெள்ளைப் பாட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அளவு அந்தச் சீனக் கிண்ணத்தின் அளவு. மூடி இருக்கிறது. பிடி இருக்கிறது, கை சுடாது. பல்லிடுக்கு இருக்கிறது, இலை விழாது. சரித்தால் ஒரு சொட்டு மிஞ்சாமல் வடிந்துவிடும். பாத்திரத்தில் பிழையில்லை. தேயிலையை இரட்டிப்பாக்கி நேரத்தை நாற்பது விநாடியாகக் குறைத்தோம். வடித்ததை நேராகக் கோப்பைகளில் ஊற்றாமல் முதலில் ஒரு புதுப் பால்குவளையில் சேர்த்து, அதிலிருந்து எல்லோருக்கும் பங்கிட்டோம். அப்போதுதான் எல்லாக் கோப்பையிலும் ஒரே சாறு. நானும் சுனிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இனிக் கோப்பை. எங்கள் ருசிக் கிண்ணம் அகன்றது, வாசம் நாலா பக்கமும் ஓடிவிடும். கந்தோரில், எங்கள் ஆபீசில், குடிக்கும் கப் பெரியது. ஒரு பாட்டுச் சாறு முழுவதையும் அதற்குள் விட்டாலும் நிரம்பாது. வீட்டில் இவர், அதாவது என் கணவர், கனடாவிலிருந்து வந்த மருமகன் தந்த விஸ்கி கிளாஸ்களைக் கொண்டுபோகச் சொன்னார். தாய்வான்காரியிடம் நான் குடிகாரி என்று பெயர் எடுக்கவா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கந்தோருக்குப் பக்கத்திலிருந்த பீங்கான் கடைக்குப் போனேன். கடைக்காரரை முஸ்லிம் வழக்கப்படி நானா என்போம். அவர் சவூதியில் ஒன்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தவர். சின்னக் கோப்பை என்றதும் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். அரபிகள் காவா என்ற தங்கள் கோப்பியைக் குடிக்கும், பிடியில்லாத கோப்பைகள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் குடைந்த அளவு. முழுக்கப் பொன்பூச்சும் பூவும். உள்ளேயும் பொன் என்றால் சாற்றின் நிறம் தெரியாது, உள்ளே வெள்ளையாக இருப்பது வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு கீழ்த்தட்டில் தேடி எட்டுக் கோப்பை எடுத்துத் தந்தார். விளிம்பு மெல்லிசு, வாய் சற்று ஒடுங்கியது. தேடியது அதைத்தான்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் ஆட்களிடம் வீட்டுக்கு வந்தவருக்கு இவ்வளவு சின்னக் கோப்பையில் கொடுத்தால் கஞ்சப் பிசினாறி என்றுதான் பெயர் வரும். அதை நானாவிடமே சொன்னேன். அவர் கையை வீசிச் சிரித்தார்.

"அக்கா, அங்க நெறச்சி ஊத்தினா 'குடிச்சிட்டு போ'ண்டு சொல்ற மாதிரி. கொஞ்சமா ஊத்தி, முடிய முடிய ஊத்தணும். அதான் மரியாத."

அன்று பின்னேரம் வீட்டில் இவருக்கு அந்தக் கோப்பையில் கொடுத்தேன். "உதென்ன, இருமல் மருந்து குடிக்கிற மூடியோ?" என்றார். பேப்பர் பார்த்துக்கொண்டே குடித்தார். நான் ஊற்றினேன். பிறகும் ஊற்றினேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஐந்தாம் தரம் கோப்பையை நீட்டியபோது, நாளைக்குப் பிழைத்துக்கொள்வேன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

5. பேச்சுக்கு நடுவில்

வெள்ளிக்கிழமை லின் அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும், சாதாரணச் சட்டை, அதிகம் பேசாதவர். கறுப்புத் தேயிலை எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஊலோங்குக்கு வந்தோம். நான் இலையைப் போட்டு, சுனில் தண்ணீர் ஊற்றி, மூடியை வைத்ததும் ரவீந்திரன் சேர் எழுந்துவிட்டார். கம்பனியின் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினார்.

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். அவருடைய தாத்தா ஆரம்பித்த இடத்திலிருந்து இன்றுவரை வர ஏழு நிமிடம் பிடிக்கும். எங்கள் கந்தோரில் யாரும் அதற்குள் இருமியதுகூடக் கிடையாது. நான் மனதுக்குள் விநாடி எண்ணினேன். இருபது. முப்பது. சேர் இன்னும் தாத்தா கப்பலேறிய இடத்தில் நிற்கிறார். முப்பத்தைந்து. ஏழு நிமிடம் மரியாதையாக நின்றால், திங்கட்கிழமை நான் எழுதிய ரிப்போர்ட் சரி என்றாகிவிடும். மலையில் ஆறு பெண்கள் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"எக்ஸ்கியூஸ் மீ சேர், தேத்தண்ணி காத்திராது" என்று சொல்லிவிட்டுப் பாட்டைச் சரித்தேன்.

சேர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் பால்குவளையிலிருந்து கோப்பைகளுக்கு அரைவாசி அரைவாசியாக ஊற்றினேன். லின் அம்மையார் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். மூன்று மிடறாகக் குடித்தார். வெறும் கோப்பையையும் ஒருமுறை முகர்ந்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

நான் ஊற்றினேன். அவர் திரும்பவும் நீட்டினார். ஆறு தண்ணீர்வரை போனது. நாலாவதில்தான் சிரித்தார். ஐந்தாவதில் எங்கள் வெள்ளைப் பாட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை பிடிப்பதற்குச் செய்த பாத்திரத்தில் விருந்து வைக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். திங்கட்கிழமை குறை மட்டுமே பிடித்தேன் என்று நான் சொல்லவில்லை. இதைச் செய்தவரைப் பார்க்க மலைக்குப் போகலாமா என்று கேட்டார். சேர் உடனே வாகனம் ஒழுங்கு செய்யச் சொன்னார்.

அவர் போன பிறகு சேர் என் ரூம் வாசலில் வந்து நின்றார். தாத்தா பாதிக் கடலில் நிற்கிறார், கௌரி என்றார். பிறகு அந்தக் கடிதத்தை என் மேசையிலேயே வைத்துக் கிழித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் கந்தோரில் அழுதது அன்று மட்டும்தான். சுனில் ஒன்றும் காணாதவர் போலக் கிண்ணம் கழுவினார்.

6. நாற்பதுவரை எண்ணியது

மோகன்ராஜுக்குப் போன் எடுத்தேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை அவரிடம் சொன்ன பொய்யோடு விட மனம் வரவில்லை. நான் எழுதிய மூன்று வரியையும் அப்படியே சொன்னேன். உங்கள் தேயிலையில் பிழையில்லை, பிழை என்னில்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"கசக்குதுன்னு எனக்கும் தெரியுங்க மேடம். ரெண்டு வருஷமா தெரியும். எங் கைதான் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

தொழிற்சாலையிலும் அதே வெள்ளைப் பாட்டுதான், அதே டைமர்தான். ஆறு நிமிடம் என்று கொழும்பிலிருந்து அனுப்பிய சுற்றறிக்கை அங்கேயும் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவள் நான். வந்த நிபுணர் செய்யக் கற்றுக்கொடுத்தாரே தவிர, குடிக்கும் விதத்தை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. நல்ல தேயிலையைச் செய்துவிட்டு, ஒவ்வொரு தரமும் அதை என் சட்டப்படி அவித்துக் குடித்து, தன் கையையே நொந்துகொண்டிருக்கிறார் அந்த மனிதர்.

போனை வைக்க வேண்டாம், இப்போதே போடுங்கள் என்றேன். தேயிலையை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். டைமரைத் தொட வேண்டாம், நான் எண்ணுகிறேன் என்றேன். கெட்டிலிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கிராண்ட்பாஸில் இருந்துகொண்டு சத்தமாக ஒன்று, இரண்டு என்று நாற்பதுவரை எண்ணினேன். இப்ப வடியுங்கோ என்றேன். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீங்களும் குடியுங்கள் என்றேன்.

கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். அதன் பிறகுதான் அவர் குரல் வந்தது.

"மேடம்... இது நாங்க செஞ்சதுதானுங்களா?"

ஓம் மோகன்ராஜ், நீங்கள் செய்ததுதான் என்றேன்.

அந்தப் பிரிவு இன்றும் நடக்கிறது. சுவரிலிருந்த சுற்றறிக்கையைத் திருத்தி, ஊலோங்குக்கு வேறு முறை எழுதி அனுப்பினேன். பிள்ளைகளே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரு பொருளைக் குறைத்து எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்தவருக்கு ஒரு போன் எடுங்கள். இதை நீங்கள் எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தத் திங்கட்கிழமை நான் கேட்டிருந்தால், என்னைப் போலவே அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்கும்.